முன்னாள் மாணவர் சங்கம்: பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

ஏழு பேர், ஒரு முகவரி, ஒரு பதிவேடு. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ முன்னாள் மாணவர் சங்கம் தொடங்க இவ்வளவு போதும். ஏழு பேரும் முகவரியும் ஒரு வாரத்தில் அமைந்துவிடும். பதிவேடு அப்படி அமையாது, உட்கார்ந்து கட்ட வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் இந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு நேரே சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகின்றன. விருந்து நடக்கும், குழுப் படம் எடுப்பார்கள், வாட்ஸாப் குழு தொடங்குவார்கள். மறு ஆண்டு கூப்பிட யாரையும் காணோம். யார் உறுப்பினர் என்பது எழுத்தில் இல்லாத இடத்தில் தேர்தல் நடத்த முடியாது, சந்தா கேட்க முடியாது, போட்ட தீர்மானம் செல்லுமா என்றும் சொல்ல முடியாது.

அதனால் இங்கே பதிவேட்டுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மற்றவை அதன் மேல் ஏறி நிற்பவை.

எதற்காகப் பிறந்தது

உலகின் மிகப் பழைய முன்னாள் மாணவர் சங்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியுடையது. 1821-ல் அக்கல்லூரியின் தலைவர் செஃபனையா ஸ்விஃப்ட் மூர் புதிதாக எழுந்த ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போனார். மாணவர்களில் ஒரு பகுதியும் அவரோடு போய்விட்டது. கல்லூரியை இழுத்து மூடிவிடுவார்களோ என்ற நிலையில், அங்கே படித்துப் போனவர்கள் திரும்பி வந்து கூடிச் சங்கம் அமைத்தார்கள். கல்லூரி பிழைத்தது.

அந்தக் கல்லூரிக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1806-ல் அங்கே ஐந்து மாணவர்கள் வைக்கோற்போர் மறைவில் நடத்திய ஜெபக் கூட்டம்தான் அமெரிக்க மிஷனுக்கு வித்து. அந்த மிஷன் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தது, 1823-ல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள்.

சங்கத்துக்கு இன்னொரு வேலையைச் சேர்த்தது யேல் பல்கலைக்கழகம். 1890-ல் அங்கே படித்தவர்களிடம் ஆண்டுதோறும் இயன்ற தொகையைக் கேட்டு வாங்கும் நிதி தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான எலைஹு யேல், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். 1718-ல் அவர் அனுப்பிய 9 பொதி சரக்கும், 417 புத்தகங்களும், மன்னரின் படமும்தான் அந்தப் பெயரை வாங்கித் தந்தன. அவர் அங்கே படித்தவரே அல்ல. ஒரே ஒரு பெரிய கொடையாளியின் பெயரை வைத்துக்கொண்ட அதே இடம், பின்னாளில் ஆயிரம் பேரிடம் சிறிது சிறிதாக வாங்கும் முறைக்கு வந்ததைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் பெரிய தொகைகள் செய்தியாகின்றன. 2023-ல் நந்தன் நீலகேணி ஐஐடி பம்பாய்க்கு 315 கோடி ரூபாய் கொடுத்தார். 2024-ல் கிருஷ்ணா சிவுகுலா ஐஐடி மெட்ராஸுக்கு 228 கோடி கொடுத்தார். அவற்றின் பின்னால் சம்பளத்துக்கு ஆள் வைத்து, முன்னாள் மாணவர் உறவுக்கென்றே தனி டீனை அமர்த்தி நடக்கும் அலுவலகம் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் உள்ள கலைக் கல்லூரி அதைப் பார்த்துத் திட்டம் போட்டால் ஏமாற்றம்தான். அங்கே 400 பேர் ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 2 லட்சம். அது பெரிய பணம்.

பதிவேடு கட்டும் முறை

இரண்டு பட்டியல்கள் வேண்டும். முதலாவது, கல்லூரியில் படித்த எல்லாருடைய பட்டியல். இரண்டாவது, விண்ணப்பம் கொடுத்துச் சந்தா கட்டியவர்களின் உறுப்பினர் பதிவேடு. சங்கப் பதிவுச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியது இரண்டாவது. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது வளராது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், "நானும் இங்கே படித்தவன்தானே, எனக்கு ஏன் ஓட்டு இல்லை" என்று தேர்தல் நாளில் வாசலில் சண்டை வரும்.

படித்தோர் பட்டியலுக்குக் கல்லூரி அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேடும் தேர்வுப் பிரிவின் நாமினல் ரோலும், அதாவது தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியலும், அடிப்படை. முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் பெயர், பதிவு எண், துறை, சேர்ந்த ஆண்டு ஆகிய நான்கை மட்டும் கேளுங்கள். வீட்டு முகவரியும் செல்பேசி எண்ணும் சேர்த்துக் கேட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். பழைய ஆண்டுகளுக்குப் பதிவேடு கரையான் அரித்திருந்தால், பட்டமளிப்பு விழாக் கையேடு, விடுதிப் பதிவேடு, துறையில் மாட்டியிருக்கும் குழுப் படங்களின் அடியில் அச்சிட்ட பெயர்கள் ஆகியவை கைகொடுக்கும்.

ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டுவது பெயர் அல்ல, பதிவு எண். காரணம் நம் பெயர் வைக்கும் முறை. நாமினல் ரோலில் "செல்வி ஆர்." என்று இருப்பவர் சான்றிதழில் "ஆர். செல்வி", பாஸ்போர்ட்டில் "செல்வி ராமசாமி", திருமணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் "செல்வி முருகன்". ஒரே ஆள் நான்கு வரியில் ஏறிவிடுவார். பெண்கள் அதிகம் படித்த துறைகளில் பட்டியல் ஊதிப்போவதும், வகுப்புத் தோழிகளைத் தேடிக் கிடைக்காமல் போவதும் இதனால்தான். அதனால் "கல்லூரிப் பெயர்", "இப்போதைய பெயர்" என்று இரண்டு பத்திகள் வையுங்கள். கல்லூரிப் பெயர் பத்தியை யாரும் திருத்தக் கூடாது.

ஆண்டிலும் இதே வம்பு உண்டு. சிலர் சேர்ந்த ஆண்டைச் சொல்வார்கள், சிலர் முடித்த ஆண்டை. "2001 பேட்ச்" என்றால் எது? இரண்டையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். பேச்சுவழக்குக்கு எதை எடுத்துக்கொள்வது என்று ஒருமுறை முடிவு செய்து, அழைப்பிதழிலும் அதையே அச்சிடுங்கள்.

எக்செல்லில் ஏற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பதிவு எண்ணும் செல்பேசி எண்ணும் உள்ள பத்திகளை முதலிலேயே "டெக்ஸ்ட்" வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் 12 இலக்கப் பதிவு எண்ணை மென்பொருள் சுருக்கி, நடுவே ஈ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்ப வராது. எண்ணின் முன்னால் உள்ள சுழியமும், வெளிநாட்டு எண்களின் முன்னால் உள்ள கூட்டல் குறியும் இப்படியே காணாமல் போகும்.

அடுத்தது ஆள் பிடிக்கும் வேலை. வகுப்புக்கு ஒருவர் என்று ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்துங்கள். துறைக்கு ஒருவர் போதாது. 60 பேர் படித்த வகுப்பை ஒருவர் மூன்று, நான்கு வாரத்தில் தேடி முடிக்கலாம். 600 பேர் பட்டியலைக் கையில் கொடுத்தால் முதல் பக்கத்தோடு விட்டுவிடுவார். அந்த வகுப்பின் பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுத்து, எதிரே "தொடர்பில் உள்ளார்", "தேடுகிறோம்", "காலமானார்" என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். "காலமானார்" என்று போடும் முன் இரண்டு பேரிடமாவது உறுதி செய்ய வேண்டும். ஒரே பெயரில் வகுப்பில் மூன்று முருகன்கள் இருந்த காலம் அது. உயிரோடு இருப்பவரின் பெயரை அஞ்சலிப் பட்டியலில் வாசித்த பிறகு எந்த மன்னிப்பும் செல்லாது.

சேகரித்த விவரத்தை யார் பார்க்கலாம் என்பதை உறுப்பினர் படிவத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, செல்பேசி எண்களோடு அச்சிட்ட டைரக்டரி வெளிவந்த மறுவாரமே காப்பீட்டு முகவரும் மனை விற்பவரும் அழைக்கத் தொடங்குவார்கள். டைரக்டரியில் பெயர், ஆண்டு, துறை, ஊர், வேலை போதும். எண் வேண்டுவோர் செயலாளர் வழியாகக் கேட்கட்டும்.

வாட்ஸாப் குழுவைப் பதிவேடு என்று நினைக்காதீர்கள். ஒரு குழுவில் 1,024 பேர்தான் இருக்க முடியும், எண் மாற்றியவர் சத்தமில்லாமல் காணாமல் போவார், அரசியல் பதிவு ஒன்றுக்காகச் சண்டை போட்டு வெளியேறியவரும் சந்தா கட்டிய உறுப்பினராகத்தான் இருப்பார். பொதுக்குழு அறிவிப்பை மின்னஞ்சலிலும் அனுப்பி, அனுப்பியதற்கான பதிவை வைத்துக்கொள்ளுங்கள்.

பைலாவில் தவறவிடக் கூடாதவை

பதிவுக்கு உதவும் ஆட்கள் வீட்டுவசதிச் சங்கத்துக்கு எழுதிய அதே பைலாவில், அதாவது சங்க விதிகளில், பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்கள். வாங்கி அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துவது வழக்கமாகிவிட்டது.

உறுப்பினர் யார் என்ற வரையறையில் தொடங்குங்கள். பாதியில் நின்றவர், தொலைநிலைக் கல்வியில் படித்தவர், ஆய்வு மாணவர், சான்றிதழ் படிப்பு முடித்தவர் ஆகிய நால்வரும் உள்ளேயா வெளியேயா என்று எழுத வேண்டும். ஓராண்டு படித்திருந்தாலே போதும் என்று வைப்பது நல்லது. குடும்பச் சூழலால் பாதியில் நின்று பிறகு தொழிலில் முன்னேறியவர்கள்தான் பல ஊர்களில் கல்லூரிக்கு முதலில் கை கொடுக்கிறார்கள். ஆசிரியர்களை ஓட்டுரிமை இல்லாத இணை உறுப்பினர்களாகச் சேர்க்கலாம்.

கோரம் அடுத்தது, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. "மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதிய சங்கம் பத்தாண்டில் முடங்கும். ஆயுள் உறுப்பினர் 3,000 பேர் சேர்ந்த பிறகு ஒவ்வொரு பொதுக்குழுவுக்கும் 1,000 பேர் வர வேண்டும். எந்த ஊரில் வருவார்கள்? "பத்தில் ஒரு பங்கு அல்லது 40 பேர், இவற்றில் எது குறைவோ அது" என்ற மாதிரி எழுதுங்கள். கோரம் சேராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்துக் கூடும் கூட்டத்துக்கு என்ன விதி என்பதும் பைலாவில் இருக்க வேண்டும்.

செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். தலைவரும் பொருளாளரும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்பதை நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுப் போடத் தகுதியானவர் பட்டியலைத் தேர்தலுக்கு 90 நாள் முன்பே மூடிவிடுவது இன்னொரு காப்பு. இல்லையென்றால் கடைசி வாரத்தில் ஒருவரே 200 பேருக்குச் சந்தா கட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்.

முதல்வரையோ துணைவேந்தரையோ புரவலராக வையுங்கள், தலைவராக வேண்டாம். அரசுக் கல்லூரியில் முதல்வர் மாறுதலாகிப் போகும்போதெல்லாம் வங்கிக் கையொப்பம் மாறும், கோப்பு நிற்கும். அதே நேரம் கல்லூரியை அறவே ஒதுக்கிவிட்டும் சங்கம் நடத்த முடியாது. சங்கத்துக்குக் கல்லூரிப் பெயரையும் முகவரியையும் பயன்படுத்த எழுத்து மூலம் இசைவுக் கடிதம் வாங்கி, பதிவு ஆவணங்களோடு இணையுங்கள்.

சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பங்கு போகாது, இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கோ கல்லூரிக்கோ போகும் என்ற பிரிவு கட்டாயம் இருக்கட்டும். வருமான வரித் துறை முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது ஏழு பேர் கையொப்பமிட வேண்டும். பதிவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் ஏற்றலாம். மெமோரண்டம் (சங்கத்தின் பெயரையும் நோக்கத்தையும் சொல்லும் ஆவணம்), பைலா, முதல் செயற்குழுப் பட்டியல், அடையாளச் சான்றுகள், அலுவலக முகவரிச் சான்று, இசைவுக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். கட்டணத்தை அன்றைய வீதப்படி இணையதளத்திலேயே பார்த்துக் கட்டலாம்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோடு ஒத்துப்போனாலோ, அரசு நடத்தும் அமைப்பு என்ற எண்ணம் தந்தாலோ ஏற்க மாட்டார்கள். அந்தக் கல்லூரிப் பெயரில் முப்பது ஆண்டுக்கு முன் யாரோ பதிவு செய்துவிட்டு மறந்துபோன சங்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால், புதிதாகத் தொடங்குவதைவிடப் பழையதை உயிர்ப்பிப்பது மலிவா என்பதை ஆடிட்டரோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலுவையில் உள்ள ஆண்டுத் தாக்கல்களையும் தாமதக் கட்டணத்தையும் கட்ட வேண்டிவரும்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று சட்டகம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் கடமை தொடங்குகிறது. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். செயற்குழு மாறினால் அதற்கான 7-ம் எண் படிவத்தை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பைலாவைத் திருத்த 21 நாள் அறிவிப்பும், வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் உள்ள சிறப்புத் தீர்மானம் தேவை.

7-ம் படிவத்தைக் கொடுக்காமல் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது. அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். ஆனால் புதிய பொருளாளர் வங்கிக்குப் போகும்போது, பதிவாளரிடமிருந்து சான்றிட்ட செயற்குழுப் பட்டியலைக் கேட்பார்கள். அங்கே இன்னும் பழைய குழுவின் பெயர்தான் இருக்கும். பழைய பொருளாளரோ துபாயில் இருப்பார். உதவித்தொகை கொடுக்க வேண்டிய ஜூலை மாதத்தில் கணக்கு உறைந்து கிடக்கும்.

பணம்

முதல் விதி, பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் நேர்மையானவர் என்பது கேள்வியே அல்ல. அந்தப் பணம் அவருடைய கணக்கில் அவருடைய வரவாகத் தெரியும், கொடுத்தவருக்குச் சங்கத்தின் ரசீது செல்லாது, அவருக்கு உடல்நலம் கெட்டால் பணம் வாரிசுச் சிக்கலில் மாட்டும். சங்கத்தின் பெயரில் பான் அட்டை எடுத்து, தீர்மானம் போட்டு வங்கிக் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கின் கியூஆர் குறியீட்டை மட்டும் பரப்புங்கள். மூவரில் இருவர் கையொப்பமிட்டால் பணம் எடுக்கலாம் என்பது வசதியான ஏற்பாடு.

ஆயுள் சந்தாவை வாங்கிய ஆண்டே விருந்தில் செலவழித்தால், அந்த உறுப்பினருக்கு வாழ்நாள் முழுக்கத் தபால் செலவு யார் தருவது? முக்கால் பங்கையாவது வைப்புத்தொகையில் போட்டு வட்டியை மட்டும் தொடுங்கள். அறக்கட்டளைப் பரிசுக்கும் இதுதான் கணக்கு. ஒருவர் தம் தந்தை பெயரில் 5 லட்சம் கொடுக்கிறார், 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 35,000. முழுவதையும் பரிசாகக் கொடுத்தால் இருபது ஆண்டில் அந்தப் பரிசின் மதிப்பு விலையேற்றத்தில் கரைந்து சிறுத்துவிடும். 20,000 கொடுத்து 15,000-ஐ முதலோடு சேர்ப்பதாகக் கொடையாளியிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் முதலில் வைத்த பழைய தங்கப்பதக்க அறக்கட்டளைகள் பல, பதக்கத்துக்கு முலாம் பூசக்கூட வழியில்லாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வரி விலக்கு வேண்டுமானால் வருமான வரித் துறையில் 12ஏபி (சங்கத்தின் வருமானத்துக்கு விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவுகள் எடுக்க வேண்டும். முதலில் 3 ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். இவை பழைய சட்டத்தின் எண்கள், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. பழைய எண்களைப் பார்த்து விண்ணப்பிக்காமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கத்தின் நோக்கத்தில் உறுப்பினர் நலன், உறுப்பினர் காப்பீடு, உறுப்பினர் கேளிக்கை என்று அடுக்கியிருந்தால், இது தங்களுக்குள் நன்மை செய்துகொள்ளும் மன்றம், அறப்பணி அல்ல என்று மறுத்துவிட வாய்ப்புண்டு. மாணவர் கல்வியை முதலில் எழுதுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்த சம்பளக்காரருக்கும் இல்லை. ஆகவே "வரி மிச்சமாகும்" என்று சொல்லிப் பணம் கேட்பது இப்போது பாதிப் பேரிடம் எடுபடாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறவோ இந்தப் பதிவுகளோடு சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் அறியாமல் செய்யும் தவறு பெரிதாக முடியும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தாலும், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவர் சென்னைக்கு வந்து தம் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குச் சங்கம் 3 ஆண்டு இயங்கி, அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். சிறிய சங்கங்களுக்கு இது எட்டாது. கல்லூரி நிர்வாகத்துக்கு அந்தப் பதிவு இருந்தால் கொடையாளரை நேரே அங்கே அனுப்பிவிடுவது எளிது. நன்கொடைப் படிவத்தில் "இப்போதைய குடியுரிமை" என்ற ஒரு கட்டம் வைத்தால் பாதிச் சிக்கல் வாசலிலேயே நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்பு, லண்டன், டொரொன்டோ என்று கிளைகள் இருப்பது தெரிந்ததே. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நாட்டிலும் இருப்பது அந்த நாட்டுச் சட்டப்படி நடக்கும் தனி அமைப்பு. வெளிநாட்டில் கிளை வைக்கும் தமிழ்நாட்டுச் சங்கமும் இதே முறையில்தான் போக வேண்டும். தாய்ச் சங்கத்தின் பைலாவில் அதன் பெயரைப் பயன்படுத்தும் நிபந்தனையை மட்டும் எழுதிக்கொண்டு, கணக்குகளைக் கலக்காமல் இருங்கள்.

கல்லூரிக்கு என்ன செய்வது

பொருள் வாங்கிக் கொடுப்பதில் எல்லாருக்கும் ஆசை, பெயர்ப்பலகை வைக்கலாம். ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழா நடக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் சில மாதத்தில் வடிகட்டி அடைக்கும், பிறகு மெம்பரேன் போகும். மாற்றுவதற்குக் கல்லூரியில் தனித் தலைப்பில் நிதி இருக்காது. பலகை பளபளக்க, குழாயில் காற்று வரும். எந்தக் கருவி கொடுத்தாலும் விலையில் 10 முதல் 15 விழுக்காட்டை ஆண்டுப் பராமரிப்புக்கென 5 ஆண்டுக்குச் சேர்த்தே திரட்டுங்கள். முடியாவிட்டால் சிறிய கருவியாக வாங்குங்கள். கொடுத்த நாளன்றே கல்லூரியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள். அரசுக் கல்லூரியில் கட்டடம், கழிப்பறை என்று போனால் உயர்கல்வித் துறையின் அனுமதியும் பொதுப்பணித் துறையின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கொடையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உதவித்தொகைக்கு அரசு எதைக் கொடுக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்கவைத்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வராது. விடுதி மெஸ் பாக்கி, அரியர் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் திட்டம் இல்லை. முதல் மதிப்பெண்காரருக்கே மூன்று பரிசு கொடுப்பதைவிட, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு முன் 1,500 ரூபாய் இல்லாமல் நிற்கும் ஒருவரைப் பிடிப்பது பயனுள்ளது. அவரை அறிந்தவர் வகுப்பு ஆசிரியர்தான். இரண்டு ஆசிரியர், இரண்டு உறுப்பினர் கொண்ட சிறு குழு போதும். பணத்தை மாணவரின் கணக்கில் நேரே போடுங்கள். மேடையில் அட்டைக் காசோலையோடு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

பணமில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. ஓர் உறுப்பினருக்கு மூன்று மாணவர், ஆறு மாதம், மாதம் ஒரு அழைப்பு என்று அளவாக வைத்தால் வழிகாட்டல் திட்டம் ஓடும். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று விட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. உள்தர உறுதிக் குழுவிலும் உண்டு. பேருக்குக் கையெழுத்துப் போடுபவரை அனுப்பாமல், அந்தத் துறையில் இப்போது வேலையில் இருப்பவரை அனுப்பச் சங்கமே பெயர் பரிந்துரைக்கலாம்.

கல்லூரிகளுக்குத் தரம் தரும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு மதிப்பெண் இருப்பதால் பல கல்லூரிகள் குழு வரப்போகும் ஆண்டில் திடீரென்று சங்கத்தைத் தேடும். அவர்களுக்கு வேண்டியது பதிவுச் சான்றிதழ், கூட்டக் குறிப்புகள், தணிக்கை செய்த கணக்கு, இடக்குறியிட்ட படங்கள். தணிக்கையில் வராத தொகையைப் "பங்களிப்பு" என்று எழுதிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதில் இருப்பது உங்கள் கையெழுத்து.

சந்திப்பும் பொதுக்குழுவும்

பலரும் சந்திப்பைக் குடியரசு நாளையோ பொங்கலையோ ஒட்டி வைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஜனவரி வசதி. ஆனால் பொதுக்குழு செப்டம்பருக்குள் நடக்க வேண்டும். ஆகவே பொதுக்குழுவை ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தனியாக வையுங்கள், ஜூலை 20-க்குள் அறிவிப்பு போய்விட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில்தான் வைக்க முடியும் என்றால் பொதுக்குழு காலை 10 மணிக்கு, பந்திக்கு முன். வடை பாயசத்தோடு சாப்பிட்டு எழுந்தவர்களை மறுபடி உட்காரவைத்து வரவு செலவு வாசிக்க யாராலும் முடிந்ததில்லை. வருகைப் பதிவேட்டில் உறுப்பினர் எண்ணோடு கையொப்பம் வாங்குங்கள், கோரத்துக்கு அதுதான் சான்று. சமையலுக்கு ஆள் சொல்லும்போது வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டியவர்களை எண்ணாமல், முன்பணம் 200 ரூபாய் கட்டியவர்களை எண்ணுங்கள்.

குழு மாறும் நாளில் கைமாற வேண்டியவை: மினிட்ஸ் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, அசல் பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, வங்கிக் காசோலைப் புத்தகம், வைப்புத்தொகை ரசீதுகள், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை, பதிவுத் துறை மற்றும் வருமான வரி இணையதளங்களின் கடவுச்சொற்கள், அவற்றோடு இணைத்த செல்பேசி எண். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஓடிபி பழைய செயலாளரின் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். சங்கத்தின் பெயரில் தனி சிம் ஒன்று வாங்கி, அந்த எண்ணை எல்லா இடத்திலும் கொடுத்து, மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதைப் பொருளாளரின் வேலைப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.